மழைக்கு மட்டும் நன்றி சொல்லாதவர்

ஆரோன் அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். சேவூரிலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்த எங்கள் ஜெபக்கூட்டத்து லீலா, வாசலிலேயே நனைந்தபடி நின்று, "டீச்சர், அண்ணன் பூட்டாரு" என்றாள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இந்த மழையிலா போக வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவரை அறிந்த உங்களுக்கு ஏன் என்று தெரியும். தெரிந்தாலும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், எனக்கு மனசு ஆறவில்லை.

அண்ணனுக்கு ஆரணி ரைஸ்மில் ஒன்றில் நெல் அவிக்கும் வேலை. வியாழக்கிழமை சாயங்காலம் சேவூரில் அவர் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். பாயில் உட்கார்ந்தவர்கள் ஆளுக்கொரு நன்றி சொல்லியாக வேண்டும், விண்ணப்பமெல்லாம் பிறகுதான். "கேக்கறதுக்கு முன்னாடி, வாங்கினதச் சொல்லு" என்பார். உப்புக்கு, மண்ணெண்ணெய்க்கு, மேஸ்திரி அன்று திட்டாததற்கு என்று அவருடைய ஸ்தோத்திரம் நீளும். மூட்டைப்பூச்சியை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள் என்று ஒருநாள் கேலி செய்தேன். "அது கடிக்கறதாலதான் டீச்சர், விடியகாலம் ஜெபத்துக்கு எழுந்துக்கறேன்" என்றார். அதற்குமேல் அவரிடம் என்ன பேச முடியும்?

எழுபதுகளின் நடுவில் மழை பொய்த்தது. கிணறுகள் வறண்டன, நெல் வரத்து நின்றது, மில்லை மூடிவிட்டார்கள். அவர் வீட்டில் இரண்டு வேளையும் கேழ்வரகுக் கூழ். அதற்கும் நன்றி சொன்னார். ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, ஜெபத்தின் நடுவே ஓட்டின்மேல் சடசடவென்று விழுந்தது. எல்லோரும் எழுந்துவிட்டோம். அண்ணன் குரல் தெருக்கோடிவரை கேட்டது. "மழைக்காக ஸ்தோத்திரம்! நிறுத்தாதேயும் ஆண்டவரே!" அவருடைய ஆறு வயது மகள் ரூபி வாசலில் நனைந்துகொண்டே கைதட்டினாள். உள்ளே வா என்று யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

மழை நிற்கவில்லை. அடுத்த வாரம் ரூபிக்குக் காய்ச்சல் வந்து, ஜன்னி கண்டது. வேலூருக்குக் கொண்டுபோகச் சொன்னார் ஆரணி டாக்டர். ஆறு பெருகி, ரோட்டில் தண்ணீர் ஏறி, பஸ்கள் நின்றுபோயிருந்தன. பஸ் ஸ்டாண்டிலேயே, தாய் எஸ்தர் அக்காவின் மடியில் குழந்தை அடங்கிவிட்டது.

அடக்கம் முடிந்து வந்த வியாழக்கிழமையும் கூட்டம் உண்டு என்று சொல்லி அனுப்பினார். பயந்துகொண்டேதான் போனோம். குழி வெட்டியவர்களுக்காக, அவள் இருந்த ஆறு வருஷத்துக்காக, அவளுக்கு உடுத்தி அனுப்பிய கவுனுக்காக நன்றி சொன்னார். வெளியே தூறிக்கொண்டிருந்தது. எஸ்தர் அக்கா அடுப்பங்கரையிலிருந்து வந்து நின்றார்.

"மழைய உட்டுட்டீங்களே. அதுக்கும் சொல்லுங்க. நிறுத்தாதேயும்னு நீங்கதானே கேட்டீங்க."

அண்ணன் அடுத்தவரை ஜெபிக்கச் சொன்னார். அதன்பின் அக்கா பாயில் உட்காரவே இல்லை. கூட்டம் நடக்கும்போது நிலைப்படிக்கு வெளியே, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார்.

பத்து வருஷத்துக்கு மேல் அப்படியே போயிற்று. அண்ணன் எல்லாவற்றுக்கும் நன்றி சொன்னார், மழைக்கு மட்டும் சொல்லவில்லை. விண்ணப்ப நேரம் வந்தால் தன் முறையை அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார். ஜெபத்தின் நடுவில் மழை பிடித்தால் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவார். நாங்களும் கண்ணை மூடியபடி ஓட்டின்மேல் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்போம். சத்தியமாகச் சொல்கிறேன், சின்னக் கைகள் தட்டுவதுபோல எனக்கு அதில் கேட்கும். அவருக்கும் கேட்டிருக்கும்.

இத்தனை நன்றியும் மனசிலிருந்துதான் வருகிறதா என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. பாயைச் சுருட்டிக்கொண்டே, "இந்த வாய் நன்றி சொல்லிகினே இருக்கணும் டீச்சர். நிறுத்தினா, ஏன்னு கேட்டுடும். கேட்டா ஆண்டவரு பதில் சொல்லிடுவாரோன்னு பயமா இருக்குது" என்றார்.

அவரை அடக்கம் செய்த அன்றும் மழை விடவில்லை. சபை ஐயர் ஜெபத்தை முடித்து, குடும்பத்தில் யாராவது ஸ்தோத்திரம் சொல்கிறீர்களா என்று கேட்டார். எஸ்தர் அக்காவை யாரும் எதிர்பார்க்கவில்லை. குடையைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, நனைந்த முக்காட்டோடு குழியருகே போய்க் கண்ணை மூடினார்.

"மழைக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றார். "மிச்சத்த அவரே நேர்ல வந்து கேப்பாரு. நீர் பதில் சொல்லும்."

ஆமென் சொல்லாமலே குடையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது, அவர் பாதியில் நிறுத்திய அந்த இடம்தான். சாப்பாட்டுக்கு முன் நன்றி சொல்லும்போது மழை பிடித்தால், நானும் இப்போது நின்றுவிடுகிறேன். அண்ணன் கேட்டுவிட்டாரா, பதில் வந்ததா என்று காது கொடுத்துக்கொண்டிருப்பேன். சோறு ஆறிவிடும்.