வெள்ளைத்தாளில் வைத்த கைநாட்டு

பாக்கியமேரியை நான் திட்டாத நாள் கிடையாது. எடமலைப்பட்டி புதூரில் கன்னியர்கள் நடத்திய முதியோர் இல்லத்தில் நான் கிளார்க், அவள் ஆயா. பத்துக் கிழவிகளைக் குளிப்பாட்டி முடிக்க மற்ற ஆயாக்களுக்கு ஒரு மணி நேரம் போதும். பாக்கியமேரிக்கு மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கிறவரை வேண்டும். அவள் எதையும் கேட்காமல் செய்யமாட்டாள், அதுதான் காரணம். வெந்நீரா, பச்சைத் தண்ணியா? தலைக்கு ஊத்தட்டுமா, வேண்டாமா? இந்தப் புடவையா, அந்தப் புடவையா? காது கேட்காதவர்களுக்கு இரண்டு புடவைகளையும் தூக்கிக் காட்டுவாள். அவர்கள் ஒன்றைத் தொடுகிறவரை நின்றுகொண்டே இருப்பாள்.

"கேட்டுக்கிட்டே இருந்தா வேலை ஆகுமா பாக்கியம்?" என்பேன்.

"அவங்க உடம்பு சார். அவங்களைக் கேக்காம யாரைக் கேக்கிறது?" என்பாள்.

எனக்கு எரிச்சலாக வரும். எட்டாவதுகூடத் தாண்டாதவள் எனக்குச் சொல்லித் தருகிறாளா என்ற எரிச்சல். நான் செயின்ட் ஜோசப்பில் பி.ஏ. படித்தவன். அந்தத் திமிரைப் பற்றி இன்றைக்கு என்ன சொல்ல, தலையில் அடித்துக்கொள்ளலாம்.

மயிலம்மாள் 1979-ல் வந்தார். திருவெள்ளறைக்காரர், விவசாயக் குடும்பம், பிள்ளை இல்லை. அண்ணன் மகன் அழகிரி கொண்டுவந்து சேர்த்தான். சேர்க்கிற அன்றே எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் ஐந்து வெள்ளைத்தாள்களில் கைநாட்டு வாங்கி ஃபைலில் வைத்துவிடுவது என் வழக்கம். பென்ஷன் மனு, ரேஷன் கார்டு என்று எது வந்தாலும் தாளில் விஷயத்தை டைப் அடித்துக்கொள்ளலாம், கிழடுகளைத் திரும்பத் திரும்பத் தொந்தரவு செய்ய வேண்டாம். எனக்கு முன்னால் இருந்த கிளார்க் சொல்லிக்கொடுத்த வித்தை அது. மயிலம்மாளின் விரலைப் பிடித்து மையில் ஒற்றித் தாளில் பதித்தது பாக்கியமேரிதான்.

"ஒண்ணுமே எழுதாத தாள்ல எதுக்கு சார்?" என்று கேட்டாள்.

"எல்லாம் அவங்க வசதிக்குத்தான்" என்றேன்.

மயிலம்மாள் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தால், "ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு அப்புறம் எழுதேன் தம்பி" என்பார். வேறு யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

எண்பத்து நாலில் அவருக்குச் சர்க்கரை முற்றி இடது கால் விரல்கள் கறுத்தன. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். இல்லத் தலைவி மதரும் நானும் அழகிரிக்குக் கடிதம் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பாக்கியமேரி நேராக டாக்டரிடம் போய், எடுத்தால் என்ன, எடுக்காவிட்டால் என்ன என்று விவரம் கேட்டு வந்தாள். பிறகு தன் புடவையைக் கொஞ்சம் தூக்கி, தன் காலிலேயே கரித்துண்டால் கோடு போட்டுக் காட்டினாள்.

"இங்கேருந்து எடுத்துடுவாங்கம்மா. எடுத்தா இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாமாம். எடுக்கலேன்னா ரெண்டு மாசம் தாங்குறதே கஷ்டம்ங்கிறாங்க. இப்பவே சொல்லணும்னு இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

மூன்று நாள் கேட்டாள். மூன்று நாளும் ஒரே பதில்தான்.

"எழுபத்தாறு வருசம் இந்தக் கால்லதான் நின்னேன். முழுசா வந்தேன், முழுசாப் போறேன். வேண்டாம்மா." பிறகு கேட்டாராம்: "எனக்கு நெனப்புத் தப்பிட்டா?"

"உங்க கைநாட்டு இல்லாம யாரும் தொட முடியாதும்மா. நான் இருக்கேன்ல."

இதை என்னிடம் வந்து சொன்னாள். சரி சரி என்று தலையாட்டினேன்.

அடுத்த ஞாயிறு பாக்கியமேரிக்கு லீவு. பூசை முடிந்து தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அன்று மயிலம்மாளுக்குக் காய்ச்சல் ஏறி நினைவு தப்பியது. டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அழகிரி வந்து அழுதான். "எப்படியாச்சும் காப்பாத்துங்க சார்." காலை எடுக்க அண்ணன் மகன் கையெழுத்துப் போதாது, அவரே கைநாட்டு வைத்த சம்மதக் கடிதம் வேண்டும் என்றார்கள். இல்லத்துக்குத் திரும்பி வந்து, ஃபைலிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை உருவி, கைநாட்டுக்கு மேலே நாலு வரி டைப் அடித்தேன். அவர் வேண்டாம் என்றது எனக்கு நினைவிருந்தது. படிக்காத கிழவிக்கு என்ன தெரியும் என்றும் இருந்தது. என் பொறுப்பில் ஒரு சாவு விழக்கூடாது என்ற பயம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது.

காலை எடுத்தார்கள். பிழைத்து இல்லத்துக்குத் திரும்பி வந்தார். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். மயிலம்மாள் மட்டும் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு கிடந்தார். காய்ச்சல் வேகத்தில் தானே கைநாட்டு வைத்துவிட்டோம் என்று நினைத்து, தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். ஒரு வாரம் அதைப் பார்த்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

பாக்கியமேரிதான் ஆபீசுக்கு வந்தாள்.

"நெனப்பே இல்லாதவங்க எப்படி சார் கைநாட்டு வச்சாங்க?"

ஃபைலைத் திறந்து காட்டினேன். ஐந்தில் நாலு தாள்கள்தான் இருந்தன. அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"நான்தானே சார் கையைப் புடிச்சு வச்சேன்" என்றாள். அதைத் தவிர ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், தன் பங்கையும் சேர்த்து. மயிலம்மாள் கேட்டுக்கொண்டார். "என் காலை எங்கம்மா போட்டாங்க?" என்று மட்டும் கேட்டாராம். மறுநாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை.

அதன் பிறகு எட்டு மாதம் இருந்தார். எட்டு மாதம் கிடைத்ததே என்பவர்கள் உண்டு. அவர்கள் இல்லத்தில் அவர் கட்டிலருகே நின்று பார்த்ததில்லை. பாக்கியமேரி வழக்கம்போலக் காலையில் வந்து, "வெந்நீராம்மா, பச்சைத் தண்ணியா?" என்பாள்.

"உன் இஷ்டம்."

இரண்டு புடவைகளைத் தூக்கிக் காட்டுவாள். மயிலம்மாள் எதையும் தொடமாட்டார். பாக்கியமேரி கை வலிக்க நிற்பாள். பிறகு பின்கட்டுக்குப் போய் அழுதுவிட்டு வருவாள். எட்டு மாதத்தில் ஒருநாள்கூட அவள் கேட்காமல் விட்டதில்லை.

கடைசி வாரம், மனது பொறுக்காமல் அந்த நாலு தாள்களையும் எடுத்துக்கொண்டு போனேன். பாக்கியமேரி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். தாள்களை மயிலம்மாளின் கைக்கருகில் வைத்தேன்.

"உங்க கைநாட்டும்மா. கிழிச்சிடட்டுமா, எரிச்சிடட்டுமா? நீங்களே சொல்லுங்க."

ஐந்து வருடத்தில் நான் அவரைக் கேட்ட முதல் கேள்வி அது. அவர் தாள்களைப் பார்த்தார். கையை மெல்ல இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

"உங்க இஷ்டம், சார்" என்றார்.