மஞ்சள் கேத்தல்

பூரணி அக்காவை நான் முதலில் சந்தித்தது 2006இல், அவருடைய பழைய வேனின் முன் சீட்டில். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் முதல் பட்டதாரி நான். லிந்துலையில் ஆசிரியர் நியமனம் கிடைத்த முதல் வாரம். புதுச் சட்டையோடு ஏறி உட்கார்ந்திருந்தேன்.

“சேர், கொஞ்சம் எறங்குங்க. ஒங்களுக்குக் கீழதான் எஞ்சின் இருக்கு.”

அன்று வெள்ளிக்கிழமை. அக்கா சீட்டைத் தூக்கி, செம்பிலிருந்த மஞ்சள் தண்ணீரை எஞ்சின் மேல் தெளித்துக் கும்பிட்டார்.

“இப்ப ஒக்காருங்க. பட்டதாரியா இருந்தாலும் கதவ மெதுவாத்தான் சாத்தணும்.”

அக்கா முன்பு கொழுந்து பறித்தவர். கணவர் காலமானதும் வேனை விற்கச் சொன்னவர்களுக்குக் காது கொடுக்காமல் தானே ஓட்டப் பழகி, தோட்டத்துப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிப்போனார். பிரேக்கைவிட வாயை நம்பி ஓட்டுவார். முன்னால் போகும் லொறிக்காரருக்குச் சிங்களத்திலும் பின்னால் கத்தும் பிள்ளைகளுக்குத் தமிழிலும் ஏச்சு விழும்.

அந்த வேனுக்கு ஒரு சீக்கு. எஞ்சினில் கோளாறு என்று காட்டும் மஞ்சள் விளக்கு, ஓடும்போதே எரியும். பிள்ளைகளுக்கு அதன் வடிவம் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல் மாதிரி.

“அக்கா, கேத்தல் கொதிக்குது!”

தலவாக்கலை மெக்கானிக் ஜனகன் கம்ப்யூட்டர் பெட்டியை மாட்டி விளக்கை அணைப்பான். புது சென்சர்கூடப் போட்டுப் பார்த்தான். அடுத்த வாரமே மறுபடி எரியும்.

ஒருநாள் இராமையா அண்ணன் வழிமறித்தார். அவருடைய இரண்டு மகள்களும் இந்த வேனில்தான் போனார்கள்.

“எறக்கத்துல வண்டி நின்னா பிள்ளைங்க கதி என்னம்மா? திங்கக்கெழமயும் லைட்டு எரிஞ்சா வேற வேன் பாத்துக்குறேன்.”

அவர் போனால் மற்றவர்களும் போய்விடுவார்கள். அக்காவுக்கு வேறு பிழைப்பில்லை.

சனிக்கிழமை கராஜுக்கு நானும் கூடப் போனேன். ஜனகன் சீட்டைத் தூக்கி, சென்சருக்குப் போகும் வயரின் சொக்கட்டைக் கழற்றினான். உள்ளே பச்சைக் களிம்பு. அதன் மேல் மஞ்சள் படிவு.

“என்னக்கா, இதுக்குள்ள கறி கிறி வச்சீங்களா?”

“போடா. நேத்து தெளிச்ச மஞ்சத்தண்ணி அது.”

“எல்லா வெள்ளியும் தெளிப்பீங்களா?”

“பின்ன? பிள்ளைங்க ஏறுற வண்டிடா.”

“டயருக்குத் தெளிங்கக்கா. இங்க தெளிச்சா தண்ணி எறங்கி, சென்சர் தப்பான சேதி சொல்லுது. அதான் கேத்தல் கொதிக்குது.”

அக்கா எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்ப நாந்தான் இதுக்கு நோவு குடுத்தேனா?”

ஜனகன் புதுச் சொக்கட் போட்டான்.

திங்கட்கிழமை இராமையா அண்ணன் ஜன்னலுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, விளக்கு எரியவில்லை.

“என்னண்ணே, தேத்தண்ணி வேணுமா? கேத்தல் ஆறிப்போச்சே!”

அவர் சிரித்தபடி மகள்களை ஏற்றிவிட்டார்.

பூரணி அக்கா இன்னும் லிந்துலையில்தான் இருக்கிறார். அதே வேனைத்தான் ஓட்டுகிறார். இராமையா அண்ணனின் பேரன் இந்த வருடம் முதலாம் வகுப்பு. அவனும் அதில்தான் போய்வருகிறான்.