என் கரும்புக்கு நானே வைத்த தீ

அன்று யங்கோனாச் சிரட்டை எனக்குக் கடைசியாக வந்தது. யங்கோனா எங்கள் ஃபிஜியில் கூடி உட்கார்ந்து ஒவ்வொருவராகக் குடிக்கும் வேர்ச்சாறு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வோட்டுவாலேவில் என் மச்சான் வீட்டுக் கொட்டகை. என் மனைவியின் அண்ணன் அவர். கரும்பு வெட்டும் எங்கள் கேங்குக்குச் சர்தாரும் அவர்தான். யார் வயலை எப்போது வெட்டுவது என்று முறை போடுகிறவர். முந்தின வாரம் சேர்ந்த புது ஆளுக்குக்கூட வழக்கப்படி கை தட்டிச் சிரட்டையை நீட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

நான் காலையிலேயே அரை போத்தல் ரம் குடித்திருந்தேன். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சாக்காக இழுக்கக் கூடாது.

"என்ன மாப்ளே, உன் கரும்பு மாரியே நீயும் வெள்ளையா பூ வுட்டு நிக்கிற?" என்றார் மச்சான், என் நரைத்த தலையைப் பார்த்து. எல்லாரும் சிரித்தார்கள்.

குடித்தால் புத்தி மழுங்கும் என்கிறார்கள். பொய். என் புத்தி அன்று தீட்டிய கத்தி மாதிரி வேலை செய்தது. சிரட்டை ஏன் கடைசியில் வந்தது? என் வயலுக்கு ஏன் இன்னும் முறை வரவில்லை? அந்தப் புது ஆள் ஏன் என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்தான்? ஒவ்வொன்றும் மற்றொன்றோடு பொருந்தியது. என் கரும்பை வெட்டாமல் விட்டுவிடப் பேசி வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். ஒருவனிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் நான் கட்டியது இடிந்துவிடும் என்று உள்ளே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எரிந்த கரும்பை உடனே வெட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் புளித்துப்போகும். அதனால் அதற்குத்தான் முதல் முறை. எழுந்து போய் என் வயலுக்கு நானே நெருப்பு வைத்தேன். காற்று அடிப்பது தெரிந்தது. அடுத்த வயல் மச்சானுடையது என்பதும் தெரியும்.

இரண்டும் எரிந்தன. இரண்டையும் நேரத்துக்கு வெட்டி முடிக்க கேங்கில் ஆள் இல்லை. மச்சான் என் வயலில் முதலில் ஆளை இறக்கினார். அவருடைய கரும்பு நின்றபடியே புளித்தது. விசாரிக்க வந்த மில் அதிகாரியிடம், "கரும்பு ரயில் இஞ்சின் பொறி பட்டுடுச்சி, சாப்" என்றார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவே இல்லை. கொட்டகைத் தூணில் ஒட்டியிருந்த முறைத் தாளை அப்புறம்தான் படித்தேன். என் வயலுக்கும் பின்னால், கடைசியில், அவருடைய வயல். சிரட்டை கடைசியாக வந்ததற்குக் காரணத்தை என் மனைவி சொன்னாள்: "ரம்மு மேல யங்கோனா குடிச்சா நீ வாந்தி எடுப்பேன்னு அண்ணன் தள்ளித் தள்ளிக் குடுத்தாரு. அதுகூட வெளங்கலியா உனக்கு?"

ரம் பேசியது, நீ பேசவில்லை என்று சிலர் ஆறுதல் சொல்வதுண்டு. அவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். குடியை விட்டு முப்பது வருஷம் ஆகிறது. மச்சானும் இல்லை. போன மாதம் அவர் மகன் வீட்டுக்குப் போனேன். உள்ளே சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் என்னைக் கண்டதும் நிறுத்தினார்கள். உடனே அதே கத்தி எனக்குள் வேலையைத் தொடங்கிவிட்டது. நான் குடித்திருந்தது வெறும் தேயிலைத் தண்ணீர்.

இந்தத் தடவை வாயைத் திறந்தேன். "உங்க அப்பன் வயல எரிச்சது இஞ்சின் இல்லடா. நான்."

அவன் இந்தியில் ஏதோ தொடங்கி, பிறகு எனக்காகத் தடுமாறித் தமிழுக்கு வந்தான். "தெரியும் மாமா. அப்பா அப்பவே எங்க எல்லாருக்கும் சொன்னாரு. உங்ககிட்ட அதப் பத்திப் பேசக் கூடாதுன்னும் சொன்னாரு."

ஆக, என் முதுகுக்குப் பின்னால் எல்லாரும் சேர்ந்து ஒன்றை மறைத்தது உண்மைதான். இத்தனை வருஷமும் மறைத்தார்கள்.

"தெரிஞ்சுமாடா எனக்குச் சோறு போட்டீங்க?" என்று கத்தினேன். அவன் மனைவி வெளியே வந்து, இன்றைக்கும் தட்டு வைத்தாயிற்று, கை கழுவுங்கள் என்றாள்.