வலது கையின் மூன்று விரல்கள்

2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 22ஆம் திகதி, வியாழக்கிழமை. விடியும்போது எழுந்து, கிணற்றடியில் முகம் கழுவி, செவ்வரத்தைக்கும் மல்லிகைக்கும் தண்ணீர் ஊற்றினேன். புட்டு அவித்து, முதல்நாள் மீன்குழம்பைச் சூடாக்கினேன். தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. செயற்கை நகம் ஒட்டும் வேலை பழகத் தொடங்கியதிலிருந்து வேலைநாட்களில் நான் எண்ணெய் வைப்பதில்லை. சாப்பிட்ட பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்து, மறுபடியும் கழுவி, சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரையால் இறங்கினேன்.

சிறுபோக அறுவடை முடிகிற நேரம். இரணைமடுக் குளத்திலிருந்து வரும் வாய்க்காலில் தண்ணீர் வற்றி, அடியில் கிடந்த கற்கள் தெரிந்தன. தார் வீதியின் ஒரு பாதி முழுக்க நெல் காயப் போட்டிருந்தார்கள். மற்றப் பாதியால் மெதுவாகப் போனேன். தென்மேற்குக் கச்சான் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியதால் மிதிக்கத் தேவையில்லாமல் இருந்தது. நெல்லின் தூசி வெயிலில் மிதந்தது. பட்டணம் வரும் வரைக்கும் நான் சைக்கிளில் இருக்கிறேனா, இன்னும் பாயில்தான் கிடக்கிறேனா என்று தெரியாத ஒரு மயக்கம்.

நான் வேலை பழகிய பார்லர் கிளிநொச்சியில், பெரிய வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில், ஒரு வீட்டின் முன்னறை. அதை நடத்துகிறவர் என்னைவிட நன்றாக வயது குறைந்தவர், கொழும்பில் படித்தவர். நான் அவரைத் தங்கச்சி என்பேன், அவர் என்னை அக்கா என்பார். வீட்டின் பின்பக்கம் அவருடைய மாமி, கணவரின் தாய், இருந்தார். குசினி முழுக்க மாமியின் ஆட்சி.

இருபது வருடம் தையல் தைத்துவிட்டு ஏன் இந்த வயதில் நகம் ஒட்டப் போகிறாய் என்று பலர் கேட்டார்கள். சரியான பதில் எனக்கும் தெரியாது. தூரிகையைத் திரவத்தில் தோய்த்து, அதன் நுனியால் பவுடரைத் தொட்டால், பனித்துளி போல ஓர் உருண்டை அதில் திரளும். அதை நகத்தின் மேல் வைத்தால் தானாகவே பரவும். பிறகு சில மூச்சு நேரம் அது தண்ணீருமில்லை, கல்லுமில்லை. அதற்குள் அதை நகமாக்கிவிட வேண்டும். அந்த நேரத்தில் அறையில் வேறு எதுவும் இருக்காது. காற்றாடியின் சத்தம்கூடத் தூரத்தில் கேட்கும். அதற்காகத்தான் போனேன் என்று நினைக்கிறேன்.

ஆனால் நான் ஒட்டிய நகங்கள் நிற்கவில்லை.

முதலில் உடைந்தன. தேங்காய் துருவும்போது ஒருவருக்கு நடுவில் முறிந்தது. விரல் நுனிக்கு மேலே, நகம் வளைகிற இடத்தில், நான் மிக மெல்லியதாக விட்டிருந்தேன். அங்கே ஒரு சின்ன மேடு வைக்கத் தங்கச்சி காட்டித் தந்தார், உடைவது நின்றது. பிறகு கிளம்பத் தொடங்கின. நகம் தோலோடு சேருகிற அடியில் ஒரு நெல்லளவு வெள்ளை மேகம் முதலில் தெரியும். அடுத்த நாள் அதற்குள் தண்ணீர் போகும். அதற்கடுத்த நாள் முழு நகமும் கையோடு வரும்.

திரவம் கூடிவிட்டதோ என்று குறைத்தேன். பவுடர் தோலில் பட்டதோ என்று ஒரு மயிரிழை இடம் விட்டு ஒட்டினேன். நகத்தின் மேல் படர்ந்த மெல்லிய தோலை இன்னும் பொறுமையாகச் சுரண்டினேன். வீதியில் காயும் நெல்லின் தூசியோ என்று யன்னலைச் சாத்தினேன். அதே போத்தல், அதே பவுடர், அதே மேசை. தங்கச்சி ஒட்டியவை நின்றன. நான் ஒட்டியவை கிளம்பின.

புதன்கிழமை தங்கச்சி குரலை உயர்த்தாமல் சொன்னார். "அக்கா, நாளைக்கு அந்தக் கலியாணப் பொம்பிளைக்கு நீங்களே திருப்பி ஒட்டுங்கோ. வெள்ளி காலமை வந்து காட்டச் சொல்லுவம். நிண்டால் நகமேசை உங்கடை. கிளம்பினால் புருவத்துக்கு நூல் போடுறதையும் வக்ஸையும் பாருங்கோ. எனக்கும் வேறை வழியில்லை."

அந்தப் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை கலியாணம். சின்ன வயதிலிருந்து நகம் கடிக்கிறவள். விரல் நுனிகள் குழந்தையுடையவை போல இருக்கும். திங்கட்கிழமை நான் ஒட்டிவிட்டவை செவ்வாய் காலையிலேயே கிளம்பிவிட்டதாகப் போனில் அழாக்குறையாகச் சொன்னாள். வியாழன் வந்து இருந்ததும் ஒரு கடதாசிச் சுருளை மேசையில் வைத்துப் பிரித்தாள். உள்ளே இரண்டு நகங்கள்.

"இது பெருவிரல், அன்ரி. குளிக்கேக்கை போனது. இது சுட்டுவிரல். வீட்டிலை பலகாரம் சுடுகினம், மா குழைக்கேக்கை காணாமல் போச்சு. அம்மா மாவுக்கை கையை விட்டுத் தேடினவா. மாப்பிள்ளை வீட்டுக்காரர் கடிச்சுப் பல்லுடைஞ்சால் கலியாணம் நிண்டுபோம் எண்டு பேச்சு."

"கிடைச்சுது தானே."

"ஓம், கிடைச்சுது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மோதிரம் போடேக்கை விழுந்தால் ஐயர் தேடுவாரே?"

சிரித்தாள். ஆனாலும் கையை மடக்கி, விரல்களை உள்ளே ஒளித்துக்கொண்டுதான் இருந்தாள்.

மிஞ்சியிருந்தவற்றை அசிட்டோனில் ஊறவைத்துக் கழற்றினேன். நடுவிரல் நகம் ஊறுவதற்கு முன்பே வந்துவிட்டது. மற்ற ஏழும் நன்றாக ஊறி, கரைந்து, விடமாட்டேன் என்று அடம்பிடித்த பிறகே விட்டன. அப்போதுதான் அதை ஒழுங்காகப் பார்த்தேன். கிளம்பியவை பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல். மூன்றும் வலது கை. போன வாரம் வந்த ஆசிரியைக்கும் அதே விரல்கள். அதற்கு முந்திய வங்கிப் பிள்ளைக்கும் அப்படித்தான். இடது கையில் நான் ஒட்டிய ஒரு நகமும் கிளம்பியதில்லை.

தங்கச்சியிடம் சொன்னேன். அவர் பக்கத்துக் கதிரையில் ஒருவருக்குப் புருவத்துக்கு நூல் போட்டுக்கொண்டிருந்தார். பல்லில் நூலைக் கடித்தபடி, "சோறு குழைக்கிற கையெல்லே, அக்கா," என்றார்.

"நீங்கள் ஒட்டிவிடுற ஆக்களும் அந்தக் கையாலைதானே சாப்பிடுகினம்?"

"ஓம். அதுவும் சரிதான்," என்றுவிட்டு மீண்டும் நூலுக்குப் போய்விட்டார்.

நான் வேலையைத் தொடங்கினேன். எனக்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் வலது கையின் ஐந்து நகத்தையும் அராவி, எண்ணெய்ப் பசையெல்லாம் எடுத்து, உலர்த்துவேன். பிறகு இடது கையின் ஐந்தையும். பத்தும் ஒரே மாதிரி ஆயத்தமான பிறகுதான் தூரிகையைத் தொடுவேன். துணி வெட்டும்போதும் அப்படித்தான். எல்லாத் துண்டையும் வெட்டி அடுக்காமல் ஒரு தையலும் போடமாட்டேன்.

வலது கை முடிந்தது. ஆயத்தமான நகத்தில் பளபளப்பு இருக்காது. ஐந்தும் வெளிறிப்போய், வற்றிய குளத்தின் அடிமண் போல இருந்தன. இடது கையை என் கைக்குள் எடுத்து அராவத் தொடங்கினேன். யன்னலால் வந்த வெயில் அரத்தூளில் பட்டு, மேசைக்கு மேலே ஒரு மெல்லிய புகை நின்றது. எங்கேயோ ரயில் போனது. அவள் கண்ணை மூடியிருந்தாள். எனக்கும் கண் திறந்திருந்தது என்று மட்டுமே சொல்லலாம்.

மாமி தேத்தண்ணியோடு வந்தார். தட்டில் பயற்றம்பணியாரம், அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்தது. வருகிற ஒவ்வொருவருக்கும் மாமி ஏதாவது கொண்டுவருவார். அராவும் சத்தம் கேட்டுக் கொஞ்ச நேரத்தில் வருவது அவருடைய கணக்கு. யாரும் வேண்டாம் என்று சொன்னதை நான் பார்த்ததில்லை.

"இந்தா பிள்ளை, எடு. கலியாணப் பொம்பிளை வெறுவயித்தோடை இருக்கக்கூடாது."

அவளுடைய இடது கை என்னிடம் இருந்தது. இல்லாவிட்டாலும் இடது கையை யார் நீட்டுவார்கள். வலது கையால் ஒன்றை எடுத்துக் கடித்தாள். பிறகு அந்தக் கையை மேசையில் வைத்தாள்.

நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளிறிய ஐந்து நகத்தில் மூன்று விழித்துக்கொண்டிருந்தன. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல். மழை பெய்த இடம் மட்டும் மின்னுவது போல மெல்லிய எண்ணெய் ஓடி மின்னியது. மோதிரவிரலும் சின்னவிரலும் தூங்கிக்கொண்டிருந்தன.

"என்ன அன்ரி?"

"அசையாதை பிள்ளை. மாமி, கொஞ்சம் வந்து பாருங்கோ."

மாமி குனிந்து பார்த்தார். எண்ணெய் பட்ட நகத்தில் பவுடர் பிடிக்காது என்று நான் விளக்கிச் சொல்லச் சொல்ல அவருடைய முகம் சுருங்கியது.

"அப்ப இவ்வளவு நாளும் என்ரை பணியாரமோ கழட்டினது?"

"பணியாரத்திலை ஒரு பிழையுமில்லை, மாமி. நான் ஒரு கையை வெறுமனே வைச்சிட்டு மற்றக் கைக்குப் போறனான். வெறுமனே இருக்கிற கை எடுக்கத்தானே செய்யும்."

தங்கச்சி நூலைக் கையில் பிடித்தபடி எழுந்து வந்தார். மூன்று விரலையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "நான் ஒரு கையை முழுக்க ஒட்டி முடிச்சிட்டுத்தான் மற்றதைத் தொடுவன், அக்கா. மாமி வரேக்கை வலக்கை காய்ஞ்சிடும். உதைச் சொல்லித் தரோணும் எண்டு நான் நினைக்கவேயில்லை."

எனக்குள் ஏதோ மெதுவாக இறங்கி அமர்ந்தது. சந்தோஷமா, வெட்கமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மாமி மட்டும் தட்டோடு நின்றார்; திருப்பிக் கொண்டுபோகவும் மனமில்லை, கொடுக்கவும் வழியில்லை.

"இனி தரக்கூடாது எண்டுறியளோ?"

"கையிலை தராதேங்கோ," என்றேன்.

மாமி யோசித்தார். பிறகு ஒரு கதிரையை இழுத்து மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் போட்டு இருந்தார். "அப்ப நான் தீத்திவிடுறன். ஆ காட்டு."

அவள் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாள்.

"உன்ரை மாப்பிள்ளைக்குச் சொல்லிப்போடாதை. தான் தீத்த முதல் நான் தீத்திப்போட்டன் எண்டு கோவிப்பார்."

"அவர் பணியாரத்தைத் தன்ரை வாய்க்கைதான் போடுவார், அம்மா."

வலது கையை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். துடைத்தேன், அராவினேன், உலர்த்தினேன். ஐந்தும் மீண்டும் வெளிறின. இந்த முறை இடது கையைத் தேடிப் போகவில்லை. தூரிகையைத் தோய்த்தேன். உருண்டை திரண்டது. பெருவிரலில் வைத்தேன், பரவியது, நின்றது. பக்கத்தில் மாமியும் அவளும் கலியாணச் சேலையின் நிறத்தைப் பற்றிக் கதைத்தார்கள். அந்தக் கதை தண்ணீருக்கு அடியில் நடப்பது போலக் கேட்டது. ஒரு விரல், அடுத்த விரல். ஐந்தும் இறுகி, தட்டினால் சின்னச் சத்தம் வந்த பிறகே இடது கையைக் கேட்டேன். என் ஒழுங்கு பாதியாக உடைந்த அந்தப் பகல், நான் வேலை செய்த பகல்களிலேயே மிக நீளமானதாகவும் மிக அமைதியானதாகவும் இருந்தது.

பின்னேரம் எதிர்க்காற்றில் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். வீதியில் நெல்லைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். வேறு ஒரு யோசனையும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பார்லர் யன்னலை நான் திறப்பதற்குள் அவள் படியில் நின்றாள். முதல் வேலையாக அவளை இருத்தி, வலது கையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்தேன். மெல்லிய மரக்குச்சியின் நுனியைப் பெருவிரல் நகத்தின் அடியில் வைத்து இலேசாக நெம்பினேன். போகவில்லை. சுட்டுவிரல். நடுவிரல். வெள்ளை மேகம் எங்கேயும் இல்லை. அவள் மூச்சை விட்டாள். எனக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த தங்கச்சி, "பதினொரு மணிக்கு ஒரு பிள்ளை நகத்துக்கு வருது, அக்கா. உங்களிட்டை விடுறன்," என்றுவிட்டுத் திரைச்சீலையை விலக்கப் போனார். நான் மோதிரவிரலையும் சின்னவிரலையும் பார்த்து முடித்து, இடது கையைக் கேட்டேன்.