ஐந்து பட்டன்கள்

என் தம்பிக்கு இருபத்தாறு வயது. பேச்சு கொஞ்சம் வரும். பசித்தால் சொல்வான், கோபம் வந்தால் தட்டை எறிவான். கிணறு ஆழம் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. இரண்டு முறை கிணற்று மேட்டிலிருந்து இழுத்து வந்திருக்கிறார்கள். அதனால் அம்மா வெங்காயக் காட்டுக்குக் கூலிக்குப் போகும்போது அவனை வீட்டுக்குள் விட்டு வெளியே பூட்டிவிட்டுப் போவாள். செட்டிகுளத்தில் எங்கள் தெருவுக்கே இது தெரியும். யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்டால், சரி நீயே பார்த்துக்கொள் என்று அம்மா சொல்லிவிடுவாளே.

அவனுக்கு மாதாமாதம் அரசு உதவித்தொகை வருகிறது. அதற்கு மேல், தானாக எதையும் செய்துகொள்ள முடியாதவர்களைக் கூட இருந்து கவனிப்பவருக்கென்று தனியாக ஒரு தொகை உண்டு என்று கேள்விப்பட்டு நான்தான் மனு எழுதிப் போட்டேன். அரியலூர்ப் பக்கம் வாக்கப்பட்டுப் போன நான் தம்பிக்கு வேறு என்ன செய்துவிட்டேன்? அது கிடைத்தால் அம்மா கூலியை விட்டுவிட்டு வீட்டோடு இருப்பாள். கதவுக்குப் பூட்டு வேண்டியிருக்காது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அதற்குப் பெரம்பலூரில் மருத்துவ முகாம் என்று கடிதம் வந்தது. முதல் நாளே வந்து அம்மாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

"எம்புள்ள இதச் செய்வான் அதச் செய்வான்னு அங்க வந்து பெருமையடிக்காத. டாக்டரு கேட்டா ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு."

"தெரிஞ்சத எப்புடிடி தெரியாதும்பேன்? மூணு வருசமா சட்டைக்குப் பட்டன் போடச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கேன்."

"கிழிச்ச! இன்னும் மேல் பட்டன கீழ் ஓட்டையிலதான மாட்டுறான்."

தினமும் காலையில் அவன் போடுவான், ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். அம்மா கழற்றிவிட்டு மறுபடி போடச் சொல்வாள். ஒரு பட்டன் சரியாக விழுந்தாலும் கைதட்டுவாள். அந்தக் கைதட்டலைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

முகாமில் எங்கள் முறை வர மத்தியானம் ஆகிவிட்டது. டாக்டரம்மா சின்ன வயசு, நல்ல மாதிரி. சாப்பாடு, குளியல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் நானே முந்திக்கொண்டு பதில் சொன்னேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சட்டை தானா போட்டுக்குவாரா?"

"ஒண்ணும் தெரியாது மேடம். எல்லாம் அம்மாதான்."

தம்பி என்னை நிமிர்ந்து பார்த்தான். "தெரியும்," என்றான். போட்டிருந்த சட்டையின் பட்டன்களை எல்லாம் கழற்றினான். பிறகு அவசரமே இல்லாமல் கீழிருந்து மேலாகப் போட ஆரம்பித்தான். நான் அவன் கையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. அன்றைக்கென்று பார்த்து ஐந்தும் அதனதன் ஓட்டையில் போய் விழுந்தன.

அம்மா படபடவென்று கைதட்டினாள். "பாத்தியாடி! அஞ்சும் போட்டுட்டான்டி! என் ராசா!"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுதவும் செய்தார். நான் கிணற்றைப் பற்றிச் சொன்னேன், பூட்டைப் பற்றிச் சொன்னேன். பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"கஷ்டமாத்தாம்மா இருக்கு. ஆனா கிணத்தப் பத்தி இந்த ஃபார்ம்ல கேக்கலையே. இப்ப வர்ற பணம் வரும். கூட இருக்குறவங்களுக்கான தொகைக்கு இவர எழுத முடியாதும்மா."

திரும்பும்போது பஸ்ஸில் அம்மாவை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன்.

"உன்ன யாரு கைதட்டச் சொன்னது? வூட்டோட இருக்கலாம்னு ஆசப்பட்டியே, இனிமே எங்கேருந்து இருப்ப?"

"மறந்துட்டேன்டி," என்றாள் அம்மா. தம்பி ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டன்களைத் தடவிக்கொண்டே வந்தான். எனக்கு அவனை நினைத்துப் பெருமையாகத்தான் இருந்தது. அதை நான் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

மறுநாள் காலை நான் ஊருக்குக் கிளம்பும்போது அம்மாவும் வெங்காயக் காட்டுக்குக் கிளம்பினாள். தம்பி சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றான். ஐந்தும் சரியாக இருந்தன. அம்மா தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினாள். பிறகு அவனை உள்ளே அனுப்பிக் கதவைப் பூட்டினாள்.