பதினொரு பேரை ஏற்றி அளந்த வண்டி

காலை எட்டரைக்கு நாலு சக்கரமும் இழுக்கும் எங்கள் பழைய ஃபோர்வீல் பிக்கப், பட்டணத்து மூலக்கொத்தளத்தில் ஒரு பழைய இரும்புக் கடை வாசலில் நின்றது. ஜவ்வாது மலையிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் முனகிக்கொண்டே வந்திருந்தது. பின் அச்சு தேய்ந்து போட்ட ஊளையில் வழியெல்லாம் எங்களால் பேசவே முடியவில்லை.

பக்கத்து சீட்டில் என் மனைவி வசந்தா. போன மழையில் பன்னிரண்டு மூட்டை சாமையோடு இந்த வண்டி ஓடை நடுவே உட்கார்ந்தபோது ஸ்டியரிங்கில் இருந்தவள் அவள்தான். தண்ணீர் கதவுவரை ஏறிவிட்டது. அன்றிலிருந்து அவள் வண்டியைத் தொடவில்லை. "சரி பண்ணிப் பாருங்க. எனக்கு நம்பிக்கை வரலன்னா வித்துடணும்" என்பது எங்கள் ஒப்பந்தம். எனக்கோ விற்க மனமில்லை.

கடைக்காரர் பதினெட்டாயிரம் சொன்ன ஒரு பழைய பின் அச்சைப் பதினாலாயிரத்துக்குப் பேசி முடித்தேன். பெருமை தாங்கவில்லை.

பதினோரு மணிக்குத் திருவொற்றியூர் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தோம். எட்டு கிலோமீட்டர்தான், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்ததில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மெக்கானிக் ஆரோக்கியம் ராயபுரத்துக்காரர், வயது ஐம்பதுக்கு மேல். துறைமுக லாரிகள்தான் அவருக்குப் பிழைப்பு. வண்டியை நாலு இஞ்ச் உயரம் தூக்க வேண்டும், கிடைப்பதிலேயே அகலமான டயர் போட வேண்டும் என்றேன்.

"இன்னா நைனா, ஊர்வலத்துக்கா போவுது? அவ்ளோ தூக்குனா உங்க மலை வளைவுல கவுந்துக்கும். லோடு இன்னா ஏத்துவ?"

சொன்னேன்.

"அத ஏத்து. வெத்து வண்டிய அளந்து இன்னா பிரயோஜனம்? லோடு ஏறாம நான் டேப்ப தொடமாட்டேன்."

திருவொற்றியூரில் சாமைக்கு எங்கே போவது? பக்கத்து டீக்கடையில் வியாசர்பாடி கால்பந்துக்காரர்கள் ஆட்டம் முடித்து நின்றிருந்தார்கள். ஆரோக்கியம் ஒரு விசில் அடித்தார். பதினொரு பேரும் டீ கிளாஸோடு பின்னால் ஏறிவிட்டார்கள்.

"மாமு, கோலிதான் வெயிட்டு. அவன கடைசில போடு!" என்று ஒருவன் கோல்கீப்பரைக் காட்டிக் கத்தினான்.

ஸ்பிரிங் பட்டைகள் வளைவு போய்த் தட்டையாகி, டயர் மேல் தகட்டில் இடித்தது. உயரக் குறைச்சல் அல்ல, பட்டை தளர்ந்ததுதான் கோளாறு; என் நாலு இஞ்ச் கனவு அங்கேயே காலி. புதுப் பட்டை, ரெண்டு இஞ்ச் உயரம், டயர் ஒரு அளவு பெரிது, ஆனால் ஒல்லி என்று தீர்ப்பானது. "அகலம் சேத்து மேல மெதக்கும். ஒல்லி சேத்த கிழிச்சினு போய் அடில கல்ல புடிக்கும்" என்றார் ஆரோக்கியம்.

அடுத்து நான் வாங்கிய அச்சைப் பார்த்தார். ஒரு பக்கச் சக்கரக்குடத்தைத் தான் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தை என்னை இரண்டு சுற்று சுற்றச் சொன்னார். என்ஜினோடு இணையும் நடுத்தண்டு எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுவது வசந்தாவின் வேலை.

"நாலும் கொஞ்சமும்" என்றாள்.

வண்டியின் முன் அச்சையும் அப்படியே எண்ணினாள். ஐந்துக்கு மேல் வந்தது.

"முன்னாடி ஒரு கணக்கு, பின்னாடி ஒரு கணக்கு வெச்சினு ஃபோர்வீல் போட்டா ஒன்ன ஒன்னு இஸ்துகினு கியர் பெட்டி ஒடஞ்சிக்கும், நைனா. எண்ணிப் பாக்காமயா வாங்கினே?"

வசந்தா விழுந்து விழுந்து சிரித்தாள். அவமானம்தான், ஆனாலும் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று! மறுபடி மூலக்கொத்தளம். கடைக்காரர் முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார். இந்த முறை நான் சக்கரம் சுற்றிவிடும் ஆள் மட்டும்தான். முழங்கைவரை கிரீஸோடு நாலு அச்சுகளின் சுற்றை எண்ணிப் பார்த்து, முன் அச்சோடு ஒத்துப்போன ஒன்றைத் தேர்ந்தெடுத்தது அவள்தான்.

மூன்றாம் நாள் மாலை நான்கு மணிக்கு எண்ணூர் கடற்கரை மணலில் சோதனை. தங்களை விட்டால் வேறு லோடு ஏது என்று கால்பந்துக்காரர்களும் வந்துவிட்டார்கள். மணலில் புதையாமலிருக்க ஆரோக்கியம் டயரில் காற்றைக் குறைத்தார். நான் ஏறப் போனேன். வசந்தா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பின்னால ஏறுங்க."

பன்னிரண்டாவது மூட்டையாக ஏறினேன். பாதி வழியில் மணல் சக்கரத்தை விழுங்கியது. வண்டி நின்றது. அவள் ஃபோர்வீல் போட்டு, ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதித்தாள். வண்டி ஒரு குலுக்கலோடு நகர்ந்து, அலையோரம் வரை போய்த் திரும்பியது. பின்னால் கோல் போட்ட மாதிரி கூச்சல். நானும்தான் கத்தினேன்.

"இன்னாக்கா, விக்கிறதா?" என்றார், எங்கள் ஒப்பந்தத்தை என்னிடம் கேட்டிருந்த ஆரோக்கியம்.

"எதை?" என்றாள்.

மறுநாள் காலை கிளம்பினோம். அடிவாரம்வரை ஸ்டியரிங்கை அவள் தரவில்லை. எண்ணூர் மணல் வேறு, எங்கள் ஓடை வேறு. ஓடை வந்ததும் என்னிடம் கொடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். முந்தின நாள் மழையில் ஓடை கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தினாள். இறங்கி, முழங்கால்வரை தண்ணீரில் நடந்து ஆழம் பார்த்தாள். புடவை நனைந்தபடியே திரும்பி வந்து, ஓட்டுகிற பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.