கால்வாயைப் பார்த்த வாசல்

எங்கள் வீட்டு வாசல் தப்பான பக்கம் இருந்தது. பஸ் போகிற சாலை கிழக்கே. வாசல் மேற்கே, கால்வாயைப் பார்த்து. வருகிறவர்கள் மனையடி சாஸ்திரம் பார்த்து வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். சாஸ்திரமாவது ஒன்றாவது! கால்வாய்க் கரையோரமாக ரயில் வரப்போகிறது, ஸ்டேஷன் வாசலுக்கு நேரே நம் வாசல் இருக்க வேண்டும் என்று என் கணவர் தீர்மானித்திருந்தார். அந்த ஸ்டேஷனை அவரும் துணியில்தான் பார்த்திருந்தார்.

துணி என்று சொன்னது பேச்சுக்கு இல்லை. அவர் டிராஃப்ட்ஸ்மேன், திட்டப் படம் வரைகிறவர். ஊருக்குள்ளே புதுத் தடங்களில் ரயில் விடுவதற்குத் திட்டம் போடுகிற ஓர் ஆபீஸில் வேலை. கஞ்சி போட்டு மொடமொடவென்று இருக்கும் மெல்லிய டிரேசிங் துணியில் கறுப்பு மசியால் கோடு போடுவார்கள். வேண்டாத படங்களை ஆபீஸில் கழித்துப் போடும்போது ஆளுக்குக் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். ஒரு நாள் முழுக்க ஊறவைத்துக் கசக்கினால் கஞ்சியும் மசியும் போய், உள்ளே அருமையான மல் துணி கிடைக்கும். டிராஃப்ட்ஸ்மேன் வீடுகளில் கர்சீப், குழந்தைச் சட்டை எல்லாம் அதில்தான். நானும் எத்தனையோ பாலங்களையும் தண்டவாளங்களையும் கசக்கிப் பிழிந்து கொடியில் காயப் போட்டிருக்கிறேன்.

கல்யாணமான புதிதில் மந்தைவெளியில் ஒரு போர்ஷனில் இருந்தோம். எழுபதுகளின் நடுவில் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னபோது, நான் மாம்பலத்தில் ஓர் இடம் பார்த்து வைத்தேன். ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிட நடை. மின்சார ரயில் ஏறினால் நேரே கடற்கரை ஸ்டேஷன். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் நான் டைப்பிஸ்டாக இருந்த அரசு ஆபீஸ். அதைவிட என்ன வேண்டும்?

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "வாடகை வீட்டுக்கு இன்னொரு வாடகை வீடா? அடையாறு தாண்டி மனை பார்த்திருக்கேன். ரெண்டே வருஷம். வாசல்ல ரயில் ஏறி, நீ ஆபீஸ் வாசல்ல இறங்கலாம்" என்றார்.

படத்தில் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தே அந்த மனையை வாங்கினார். ஸ்டேஷன் படிக்கட்டிலிருந்து எங்கள் கேட் நூற்று இருபது அடி. கட்ட வந்த மேஸ்திரி, கேட்டை எங்கே வைப்பது என்று கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இன்னா சார், ரோடு அந்தாண்ட கீது. நீ கால்வா பக்கம் கேட் வெக்கச் சொல்றியே. படகுலயா போவப் போற?"

நான் சிரித்துவிட்டேன். என் கணவர் சிரிக்கவில்லை. கிழக்கே ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பச் சொன்னார்.

அந்தச் சுவரை ஒட்டியே சந்து, சந்து முடிந்தால் பஸ் ஸ்டாப். ஆனால் நான் மேற்கு வாசலில் இறங்கி, கால்வாய்க் கரை மண்ணில் செருப்பு புதையப் புதைய வடக்கே நடந்து, ஆறு மனை தாண்டித் திரும்பி, என் வீட்டுச் சுவரின் மறுபக்கத்துக்கே வந்து சேர வேண்டும். சமையலறை ஜன்னல் வழியாக அவர் காபி ஆற்றுகிற சத்தம் கேட்கும். கிளம்பி நாலு நிமிஷம் ஆகியிருக்கும், இன்னும் வீட்டை விட்டே போகவில்லை! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பஸ்ஸைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது. எட்டரைக்கு ஒன்று வரும். அது கிடைத்தால் எனக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் அதைப் பிடிக்க அந்த நாலு நிமிஷம் குறுக்கே நிற்கும். அடுத்தது வரும்போதே படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வரும். கண்டக்டர் இரண்டு விசில் அடித்து, "பின்னாடி காலியா வர்து, எறங்கு எறங்கு" என்று போய்விடுவார். பின்னாடி காலியாக வந்த பஸ்ஸை, அந்த வீட்டுக்குக் குடிவந்த மூன்று வருஷத்தில் நான் பார்த்ததில்லை. அடையாற்றுப் பாலம், மந்தைவெளி, மயிலாப்பூர் என்று ஊர்ந்து, லஸ்ஸில் பாதி ஜன்மம் போய், பாரிமுனையில் இறங்கி ஓடுவேன்.

எங்கள் ஆபீஸில் பத்து பத்துக்கு வருகைப் பதிவேடு சூப்பரிண்டெண்ட் அறைக்குள் போய்விடும். அதற்குப் பிறகு வந்தால் பேருக்கு நேரே சிவப்பு மசியில் பெருக்கல் குறி. மூன்று குறிக்கு அரை நாள் லீவு போச்சு. என் வரிசை சின்னம்மை கண்ட முகமாக இருக்கும். பக்கத்து மெஷினில் உட்கார்ந்த மாம்பலத்துக்காரியின் வரிசையில் ஒரு குறி கிடையாது. என்னைவிட இரண்டு வருஷம் ஜூனியர். டைப் அடித்தால் பக்கத்துக்கு நாலு தப்பு. ஆனால் அவளுக்கு ரயில் இருந்தது.

ஒரு மார்கழி மாதம் சூப்பரிண்டெண்ட் என்னைக் கூப்பிட்டார். டைப்பிஸ்டுகளுக்கு மேலே ஓர் இடம் காலியாகப் போகிறது என்றார். "சீனியாரிட்டி உங்களுக்குத்தாம்மா. வேலையும் உங்களுது சுத்தம். ஆனா இந்தச் சிவப்பை வெச்சுக்கிட்டு நான் எப்படி எழுதி அனுப்புறது? மார்ச்சு வரைக்கும் ஒரு குறி விழாம வாங்க. மத்ததை நான் பார்த்துக்கிறேன்."

எட்டு வருஷமாக நான் எதிர்பார்த்திருந்த இடம் அது. அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அவரிடம் சொன்னேன். "கிழக்குச் சுவர்ல ஒரு ஆள் போற அளவுக்கு வழி விடுங்க. எட்டரை பஸ்ஸைப் பிடிச்சுடுவேன். வேற எதுவும் நான் கேக்கலை. இல்லேன்னா மாம்பலத்துலயே ஒரு இடம் பார்ப்போம். நான் முன்னாடி பார்த்து வெச்ச இடம் திரும்பக் காலியாதான் இருக்கு."

அவர் தலை நிமிராமல் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"இத்தனை நாள் பொறுத்தே. இன்னும் கொஞ்சம் பொறு. ரெண்டு வாசல் வெச்சா திருடனுக்குத்தான் வசதி" என்றார்.

பொறுத்தேன். அதுதான் என்மேல் எனக்கே ஆத்திரம். அரை மணி முன்னதாக எழுந்து பார்த்தேன். பால் டிப்போ திறக்கவில்லை, பால் வராமல் வீட்டு வேலை முடியவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையில் ஓடிப் பார்த்தேன். இரண்டு தடவை சேற்றில் விழுந்தேன். ஜனவரியில் நாலு குறி, பிப்ரவரியில் மூன்று. மார்ச்சுக் கடைசியில் ஆர்டர் வந்தது. அந்த இடம் மாம்பலத்துக்காரிக்கு. அவள் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தாள். நானும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். கழிவறையில் போய் அழுதுவிட்டு, மீதிக் கடிதங்களை அடித்து முடித்தேன்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை அவர் ஆபீஸிலிருந்து டிரேசிங் துணி மூட்டை வந்தது. பியூன் சுருட்டிக் கட்டிக் கொடுத்ததை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாளியில் போட்டேன். முதல் துண்டு மயிலாப்பூர் குளம். இரண்டாவது அடையாறு. மூன்றாவதை நனைக்கப் போனவள் கையை இழுத்துக்கொண்டேன். கால்வாய், அதன் கரையில் ஸ்டேஷனுக்கு ஒரு சின்னச் செவ்வகம், அதற்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. அது எங்கள் வீடு. மனை வாங்கினபோது அந்தப் புள்ளியை அவர் என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். படத்தின் குறுக்கே 'ரத்து' என்று முத்திரை. ரயில் மயிலாப்பூரோடு நின்றுவிடும், தெற்கே இப்போதைக்குக் கிடையாது என்று கீழே ஒரு குறிப்பு. டிசம்பர் முதல் வாரத்துத் தேதி. ஓரத்தில் அவருடைய சுருக்கொப்பம்.

நான் வழி கேட்டது மார்கழிப் பாதியில்.

ஈரக் கையோடு துணியைக் கொண்டுபோய் அவர் முன்னால் போட்டேன்.

"என் கையால போட்ட கோடு. என்னையே அதுமேல முத்திரை குத்தச் சொன்னாங்க. உன்கிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சொல்றது?" என்றார்.

"சொல்ல வேண்டாம். சுவத்தை இடிச்சிருக்கலாமே?"

"இடிச்சா உனக்குத் தெரிஞ்சுடுமே."

அவர் பாவம் என்று இன்றைக்கு எழுதிவிடலாம். அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருடைய ஒரு மூஞ்சியைக் காப்பாற்ற என்னுடைய எட்டு வருஷம் போயிருந்தது. நேரே போய் மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு சுவரைப் பார்த்தார், கால்வாயைப் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார்.

"நான் அப்பவே சொன்னேன்ல, நைனா கேட்டாரா?" என்று மட்டும் சொல்லிவிட்டு முதல் இடி இடித்தார். என் கணவர் உள்ளேயே இருந்தார். மத்தியானத்துக்குள் ஓர் ஆள் போகிற வழி ஆகிவிட்டது. கதவுகூடப் போடவில்லை.

திங்கட்கிழமை அந்த ஓட்டை வழியாக இறங்கினேன். எட்டரை பஸ் அப்போதுதான் வந்து நின்றது. உட்கார இடம்கூடக் கிடைத்தது. ஆபீஸில் பதிவேடு மேஜைமேலேயே இருந்தது. பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டேன்.

பத்து பத்துக்குப் பதிவேட்டை உள்ளே எடுத்துப் போகிற வேலை இப்போது மாம்பலத்துக்காரிக்கு. என் வரிசையைப் பார்த்துவிட்டு ஆச்சரியமாக நிமிர்ந்தாள். மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை, நல்ல பெண்தான்.

"என்னக்கா, இன்னிக்கு ரயில் வந்துடுச்சா உங்க பக்கம்?"

"இல்ல" என்றேன். "சுவத்தை இடிச்சுட்டேன்."